குக்கூவும் ஸோஸூல்யாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வார்சாவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் அலுவலகத்தில் சுவர்க்கடிகாரத்துக் குருவியைப் பற்றிப் பேச்சு வந்தது. போலந்துக்காரர் அதைக் 'குக்குவ்கா' என்றார். ரஷ்ய மொழியில் 'குக்கூஷ்கா' என்று எனக்கு ஏற்கனவே தெரியும். உக்ரைன் தோழி மட்டும் 'ஸோஸூல்யா' என்றார். மூன்றும் ஒரே குடும்பத்து மொழிகள்தானே? இது மட்டும் எங்கிருந்து வந்தது? நம் குயிலுக்கும் குக்கூவுக்கும் உறவு உண்டா?

க., வார்சா

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. உறவு இல்லை. பறவை கூவியதைக் கேட்டு அவரவர் வைத்த பெயர்கள் இவை. லத்தீனில் குக்கூலுஸ், பல்கேரியனில் குக்குவிட்சா, செர்பியனில் குக்கவிட்சா எல்லாம் அப்படித்தான். ஒலியை வைத்துப் பிறந்த சொற்கள் ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து மொழி உறவு பேசுவது வீண் வேலை. தவிர, இரண்டும் ஒரே பறவையும் அல்ல. அங்குள்ளது சாம்பல் நிறம், வயிற்றில் வரிவரியாகக் கோடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் வல்லூறு என்று நினைத்துவிடுவீர்கள். நம் கருங்குயில் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம், அவ்வளவே. மொழிபெயர்க்கும்போது வேறு வழியில்லாமல் 'குயில்' என்று போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன்.

உங்கள் தோழி சொன்னதுதான் பழைய சொல். நீங்கள் சொன்ன மூன்றும் ஸ்லாவியக் குடும்பத்து மொழிகள். அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவான லிதுவேனிய மொழியில் இந்தப் பறவைக்கு 'கெகுஜே' என்று ஒரு பெயர் உண்டு. மே மாதத்துக்கும் அதுவே பெயர். ஸ்லாவிய மொழிகளில் எகரத்துக்கு முன்னால் வந்த ககரம் ஜகரம் போன்ற ஒலியாக மாறியது. கெக்- என்பது ஜெக்- ஆனது. அதன் பக்கத்திலேயே ஸகரம் போன்ற இன்னோர் ஒலி இருந்தது. ஜ, ஸ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லி நாக்கு களைத்துப்போயிருக்க வேண்டும், ஊருக்கு ஊர் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டது. உக்ரைனில் ஸோஸூல்யா, பெலாரஸில் ஸ்யாஸ்யூல்யா, பழைய ரஷ்யனில் ஸெக்ஸீட்சா. செக் மொழியில் ஜகரம் ஜெயித்து ஜெஜூல்கா ஆனது, ஆனால் இன்று அங்கே பேச்சில் இருப்பது குக்காச்கா.

போலந்திலும் இந்தப் பழைய சொல் இருக்கிறது. நாளைக்கு அலுவலகத்தில் 'க்ஜெக்ஜூவ்கா' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். யாரும் பறவையைக் காட்டி அப்படிச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதலில் பிள்ளைகளை மாட்டிவிடுவதற்கென்றே பேர்போன சொல் அது. போலிஷில் ஒரே ஜ ஒலியை இரண்டு விதமாக எழுதலாம், ஒரே உகரத்தையும் இரண்டு விதமாக எழுதலாம். இந்த ஒரு சொல்லில் ஜ இரண்டு முறை, உகரம் ஒரு முறை. லகர, ளகர, ழகரத்தோடு ரகர, றகரமும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தால் நம் பிள்ளைகள் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாவில் அதன் கதி இன்னும் விநோதம். 1185-இல் இளவரசன் ஈகர் போலோவ்த்ஸியர் என்ற நாடோடிகள் மீது படையெடுத்துத் தோற்றதைப் பாடும் பழைய காவியம் ஒன்று உண்டு. அதில் அவன் மனைவி புத்தீவ்ல் கோட்டை மதிலில் நின்று அழுகிறாள்: ஸெக்ஸீட்சாவாகி டான்யூப் வழியே பறந்துபோவேன், கயாலா ஆற்றில் என் சட்டைக் கையை நனைத்து என் தலைவனின் காயங்களைத் துடைப்பேன் என்கிறாள். 1800-இல் அச்சான நூல் இது. கையெழுத்துப் பிரதி 1812 மாஸ்கோ தீயில் போய்விட்டது. ஆற்றின் மேல் பறப்பது குக்கூவாக இருக்குமா, ஆட்காட்டியாக இருக்காதா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். பேச்சில் சொல் செத்துப்போனால் பறவையே மாறிப்போகும் ஆபத்து உண்டு, பாருங்கள். எனக்கு அது குக்கூதான். ஸ்லாவியப் பாட்டுகளில் துக்கத்தில் இருக்கும் பெண் பறவையாக மாறினால், பெரும்பாலும் இதுவாகத்தான் மாறுவாள். செர்பியாவில் சகோதரனை இழந்து அழுது அழுது குக்கூ ஆனவளின் கதை இருக்கிறது. அங்கே 'குக்கு' என்பதே ஒப்பாரிச் சொல், நம் 'ஐயோ' மாதிரி. அதே குக்கவிட்சாவுக்குக் கோழை என்றும் பொருள். ஆனால் உண்மையில் குக்கூ என்று கூவுவது ஆண் பறவை. இந்த ஸ்லாவியப் பெயர்களோ அத்தனையும் இலக்கணத்தில் பெண்பால். நம் குயிலுக்கும் இதே அநியாயம் நடந்திருக்கிறது.

உக்ரைனிலோ அது வீட்டுச் சொல்லாகவே இருக்கிறது. வரிவரியாக இறகுள்ள கோழியை 'ஸோஸூல்யாஸ்தா' என்பார்கள், அந்த வயிற்றுக் கோடுகளை வைத்து. அம்மாவையோ காதலியையோ 'ஸோஸூலென்கோ' என்று கொஞ்சுவதுண்டு. குடும்பப் பெயராகவும் இருக்கிறது. அப்புறம், அங்கே குக்கூ கூவுவதைச் சொல்லும் வினையும் கொல்லர் இரும்பு அடிப்பதைச் சொல்லும் வினையும் ஒரே ஒலிதான்: 'குவாதி'. ரஷ்யாவிலோ பெற்ற குழந்தையைக் கைவிட்டவளை 'குக்கூஷ்கா' என்று திட்டுவார்கள். ஒரே பறவைதான், எல்லையைத் தாண்டியதும் கொஞ்சல் வசவாகிவிடுகிறது.

உங்கள் தோழியிடம் அவர் ஊர்ப் பக்கத்தில் ஸோஸூல்யா தவிர வேறு பெயர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். அவருடைய பாட்டியிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.