கார் ஆடியோ கேள்வி பதில்: செட்டை மாற்றும் முன் எங்கே பார்ப்பது?

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "புது செட் வாங்கிவிடலாமா?" என்றே முடிகின்றன. அவசரப்படாதீர்கள். கார் ஆடியோவில் செட் தானாகக் கெட்டுப்போவது குறைவு. கரண்ட் வரும் வயர், எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), கப்ளர் (வயர்களைச் சொருகும் பிளாஸ்டிக் முனை), ஜாயின்ட் இந்த நான்கில்தான் பெரும்பாலான கோளாறு உட்கார்ந்திருக்கும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் கீழே உள்ளவற்றில் பலவற்றை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. டேஷ்போர்டைப் பிரித்து வயரை இணைப்பதோ பிரிப்பதோ என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஸ்டீயரிங் பக்கமும் சீட்டுக்கு அடியிலும் மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக். அதில் மீட்டர் முனையைக்கூட வைக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, புது செட் மாட்டியதிலிருந்து சாவியை எடுத்தால் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிந்துவிடுகிறது. மாட்டியவர் "செட் அப்படித்தான்" என்கிறார்.

அப்படியெல்லாம் எந்த செட்டும் கிடையாது. வெளியில் வாங்கும் செட்டில் கரண்ட் இரண்டு வயரில் போகும். மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், நினைவகத்தைக் காப்பது அதுதான். சிவப்பு வயரில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டும். சில கார்களின் கப்ளரில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். அதைப் பார்க்காமல் அப்படியே சொருகினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனையை பாடியில் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்திக்கொண்டு, சாவி இல்லாமல் மஞ்சளைத் தொடுங்கள். 12.5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். அங்கே பூஜ்யமும் சிவப்பில் 12-ம் காட்டினால் இரண்டையும் மாற்றி இணைத்தால் போதும். பல ஹார்னஸ்களில் (செட்டோடு வரும் வயர்க் கட்டு) இதற்காகவே நடுவில் சொருகும் முனை கொடுத்திருப்பார்கள், வெட்டத் தேவையில்லை. இரண்டிலுமே பூஜ்யம் என்றால் பியூஸ் பெட்டியைப் பாருங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும்: நான் சொன்ன நிறங்கள் செட்டோடு வரும் ஹார்னஸுக்கு மட்டுமே. காரில் ஏற்கெனவே இருக்கும் வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

கேள்வி: டிக்கியில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வைத்திருக்கிறேன். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் "உய்ங்ங்" என்ற சத்தமும் சேர்ந்து ஏறுகிறது. ஃபில்டர் ஒன்று போட்டும் போகவில்லை.

எல்லாரையும் படுத்தி எடுக்கும் கோளாறு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆனால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. செட்டின் எர்த் ஓரிடத்திலும் ஆம்ப்பின் எர்த் வேறிடத்திலும் இருந்து, இரண்டுக்கும் நடுவே சிறு மின்னழுத்த வித்தியாசம் வந்துவிட்டால், அது செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிள் வழியாகப் பாட்டோடு சேர்ந்துகொள்ளும்.

இன்ஜின் ஓடும்போது வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அது வால்யூமுக்குப் பிறகு, அதாவது ஆர்.சி.ஏ. கேபிளிலோ ஆம்ப்பிலோ நுழைகிறது. வால்யூமோடு குறைந்தால் அதற்கு முன்னாலேயே, அதாவது ஃபோன், சார்ஜர், ஃபோனைச் செட்டோடு இணைக்கும் ஆக்ஸ் வயர் பக்கம்.

முதல் வகை என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்ப்பிலிருந்து ஆர்.சி.ஏ. முனைகளை உருவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டதா? கேபிளும் செட்டும் சந்தேகம். நிற்கவில்லையா? ஆம்ப்பின் எர்த்.

ஆம்ப் எர்த்தை சீட் போல்ட்டில் மாட்டுவது பலர் செய்யும் வேலை. அந்த போல்ட்டைச் சுற்றி பெயின்ட்டும் பசையும் இருக்கும், எர்த் சரியாகக் கிடைக்காது. பாடியின் தகட்டில் ஓரிடத்தைத் தேர்ந்து, இரும்பு பளபளவென்று தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, வளைய டெர்மினல் வைத்து போல்ட்டில் இறுக்குங்கள். துளை போடுவதாக இருந்தால் அடியில் பெட்ரோல் டேங்கோ பிரேக் பைப்போ இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். சரியாக வந்ததா என்று பார்க்க, பாட்டை நன்றாக ஏற்றிவைத்து ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் அளவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் அருமை. அரை வோல்ட் காட்டினால் வேலை இன்னும் முடியவில்லை.

அப்புறம், பவர் கேபிளும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கமாக ஓடினால் பிரித்துவிடுங்கள். ஒன்று வலது ஓரம், மற்றது இடது ஓரம்.

எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையா? செட்டின் பின்னால் ஆர்.சி.ஏ. முனையின் வெளி வளையத்தையும் செட்டின் உலோக உடம்பையும் ஒரு சின்ன வயரால் தொட்டுப் பாருங்கள். சத்தம் பட்டென்று நின்றால், செட்டுக்குள் இருக்கும் மிகச் சிறிய பியூஸ் ஒன்று போயிருக்கிறது. செட் ஆனில் இருக்கும்போது ஆர்.சி.ஏ.யைப் பிடுங்கிச் சொருகுவதால் சில செட்களில் இப்படி ஆகும். சாலிடர் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார். இரைச்சலை வடிக்கும் ஃபில்டர், இரண்டு எர்த்தையும் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர் எல்லாம் இவை அத்தனையும் முடிந்த பிறகுதான். எர்த்தைத் திருத்தாமல் ஃபில்டர் போடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. சத்தத்தோடு பாட்டின் அடிநாதத்தையும் சில ஐசொலேட்டர்கள் விழுங்கிவிடும்.

கேள்வி: ஆம்ப் எதுவும் இல்லை. ஃபோனை ஆக்ஸில் போட்டு அதே ஃபோனுக்குச் சார்ஜும் போட்டால் மட்டும் இரைச்சல்.

மேலே சொன்னதன் சின்ன வடிவம்தான். சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொன்று. ப்ளூடூத்திலோ யூஎஸ்பியிலோ பாட்டைக் கேளுங்கள். ஆக்ஸ்தான் வேண்டுமென்றால் அந்த வயரில் ஐசொலேட்டர் போடலாம், இங்கே அது நியாயமான தீர்வு.

கேள்வி: சார், டிரைவர் பக்க டோர் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது. கதவை வேகமாகச் சாத்தினால் சில சமயம் வந்துவிடும். ஸ்பீக்கர் போயிற்றா?

கதவோடு சம்பந்தப்பட்டு வந்து போகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குள் போகும் வயர் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்குகிறது. வருடக்கணக்கில் மடங்கி உள்ளே செம்பு அறுந்திருக்கும், வெளியே பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாகத் தெரியும்.

செட்டை வெளியே எடுத்து, கப்ளரை உருவி, அந்த ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு முனைகளிலும் மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 3-லிருந்து 4-க்குள் காட்டும். மீட்டரைப் பார்த்தபடியே கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். எண் குதித்தாலோ காணாமல் போனாலோ அறுந்த இடம் அந்த ரப்பருக்குள்தான். எண் எப்போதுமே வரவில்லை என்றால் டோர் பேடைக் கழற்றி ஸ்பீக்கர் முனையிலேயே அளவிடுங்கள். அங்கும் வராவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டது. மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை முனைகளில் ஒரு நொடி தொட்டால் நல்ல ஸ்பீக்கர் "டப்" என்று சொல்லும்.

சரிசெய்யும்போது முறுக்கி டேப் சுற்றாதீர்கள். புது வயர்த் துண்டு சேர்த்து, சாலிடர் செய்து, அந்த ஜாயின்ட் மடங்கும் இடத்தில் வராமல் தள்ளி வையுங்கள்.

கேள்வி: நானே நான்கு ஸ்பீக்கரும் புதிதாக மாற்றினேன். சத்தம் இருக்கிறது, ஆனால் பேஸ் சுத்தமாக இல்லை. பழசே தேவலாம் போலிருக்கிறது.

ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பேலன்ஸை முழுக்க இடது பக்கம் திருப்பிக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் கூடி, நடுவில் வைத்தால் குறைகிறது என்றால் உறுதி. ஹார்னஸில் முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அதே பேட்டரித் தந்திரம் இங்கும் உதவும்: பிளஸ் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும்.

கேள்வி: அப்பாவின் பழைய காரில் புது செட் போட்டோம். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரே வயர், மற்ற முனை பாடியில். செட் உடனே அணைந்துவிடுகிறது.

உடனே நிறுத்துங்கள், செட் எரிந்துவிடும். இன்றைய செட்களில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் அல்ல. இரண்டு வயரிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் பாதி இருக்கும், இரண்டும் எதிரெதிராக வேலை செய்யும். அதில் ஒன்றைப் பாடியில் தொட்டால் ஷார்ட். செட் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து தனித்தனியாக இரட்டை வயர் இழுங்கள். குறுக்கு வழி கிடையாது.

கேள்வி: டேஷ்கேம் வாங்கிய பிறகு எஃப்.எம். கரகரக்கிறது. பக்கத்து ஊர் ஸ்டேஷன் வருவதே இல்லை.

கேமராவின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். தெளிந்துவிட்டால் அந்த சார்ஜருக்குள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் பகுதிதான் இரைச்சலை வீசுகிறது. நல்ல சார்ஜர் போட்டு, அதன் வயரை ஆண்டெனா வயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். மலிவான எல்.இ.டி. ஹெட்லைட்டும் இதே வேலையைச் செய்யும், லைட்டைப் போட்டு அணைத்தால் தெரிந்துவிடும்.

புது செட் போட்ட நாளிலிருந்தே எஃப்.எம். மங்கல் என்கிறவர்களுக்கு: உங்கள் ஆண்டெனாவின் அடியில் சிறு பூஸ்டர் இருக்கலாம். அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். செட்டின் நீல வயரை யாரும் இணைக்காமல் விட்டிருப்பார்கள்.

கேள்வி: இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி டவுன். ஆம்ப் போட்ட பிறகுதான்.

சாவியை எடுத்த பிறகு ஆம்ப்பின் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஆம்ப்பை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் வயரை மஞ்சளோடு சேர்த்துவிட்டார்கள். அது செட்டின் நீலம்–வெள்ளை வயரில் இருக்க வேண்டும். ஆம்ப் சும்மா இருந்தே 1 ஆம்பியர் இழுத்தால் 60 ஆம்பியர்-அவர் பேட்டரி 60 மணி நேரத்தில் காலி. அதற்கு முன்பே செல்ஃப் எடுக்காது.

விளக்கு எரியவில்லை என்றால் மீட்டரை 10 ஆம்பியரில், பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே தொடராக மாட்டி, காரைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். காரின் கணினிகள் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதில் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போய்விடும்.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது செட் அணைந்து திரும்ப வருகிறது. கோளாறா?

அணைந்து வருவது இயல்பு, அந்த நேரத்தில் சிவப்பு வயரில் கரண்டை கார் நிறுத்திவைக்கும். கடிகாரமும் சேர்ந்து அழிந்தால்தான் பேட்டரி பலவீனம். ஓய்வில் 12.6, இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் 4×50 வாட் என்று இருக்கிறது. பாதிக்கு மேல் வைத்தாலே ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி சத்தம்.

செட்டின் பின்னால் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 140 வாட். அதில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். பிறகு 200 வாட் எப்படி வெளியே வரும்? 50 என்பது ஒரு கண உச்சம். தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 15-லிருந்து 20 வாட் வரைதான். அதைத் தாண்டும்போது ஒலி அலையின் தலை வெட்டுப்படும், அந்தக் கிழியும் சத்தம் அதுதான். அப்படியே ஓட்டினால் உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர் (ட்வீட்டர்) எரியும்.

பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். டோர் ஸ்பீக்கர்களுக்கு, தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அந்தச் சின்னக் கூம்புகளை ஆழ்ந்த பேஸிலிருந்து விடுவித்தாலே இன்னும் சில படி வால்யூம் சுத்தமாகக் கிடைக்கும். அதற்குப் பிறகும் குறைந்த வால்யூமிலேயே கரகரத்தால், கூம்பை விரல்களால் சமமாக மெல்ல உள்ளே அமுக்குங்கள். உரசல் தட்டுப்பட்டால் காயில் வளைந்துவிட்டது, ஸ்பீக்கர் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: 15 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 20 போட்டால் நிற்குமா?

பியூஸ் நிற்கும், வயர் எரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். செட்டைக் கழற்றிவைத்துவிட்டு அதே அளவு பியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் காரின் வயரில் ஷார்ட், போகவில்லை என்றால் செட் பக்கம். ஆம்ப் வைத்திருப்பவர்கள் பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் பவர் கேபிளில் பியூஸ் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அந்த பியூஸ் இல்லாத கேபிள் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும்.

கேள்வி: பேட்டரி மாற்றியதும் கம்பெனி செட் ரகசிய எண் (கோட்) கேட்கிறது.

காரோடு வந்த புத்தகத்தில் அட்டையாக இருக்கும். இல்லையென்றால் செட்டின் சீரியல் எண்ணையும் காரின் ஆவணத்தையும் காட்டினால் டீலரிடம் கிடைக்கும். ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள், சில தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவ் கணினியில் வேலை செய்கிறது, காரில் "பைல் இல்லை" என்கிறது.

பல செட்கள் ஃபேட் 32 என்ற கோப்பு அமைப்பை மட்டுமே படிக்கும். பெரிய டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. பாட்டை நகலெடுத்து வைத்துவிட்டு ஃபேட் 32-ஆக ஃபார்மேட் செய்யுங்கள். 32 ஜிபிக்கு மேல் என்றால் சில கணினிகள் அந்தத் தேர்வையே காட்டாது, தனி மென்பொருள் தேவைப்படும். சின்ன டிரைவ் வாங்குவது இன்னும் சுலபம்.

கேள்வி: ப்ளூடூத்தில் பாட்டு நன்றாக வருகிறது. போன் பேசினால் எதிரில் இருப்பவருக்கு என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதாகச் சொல்கிறார்கள்.

செட்டின் முகப்பில் இருக்கும் சின்ன மைக்கைத்தான் அது பயன்படுத்துகிறது. உங்கள் வாயிலிருந்து தூரம், பக்கத்திலேயே ஏ.சி. காற்று. செட்டோடு வயர் மைக் ஒன்று கொடுத்திருப்பார்கள், பெட்டியிலேயே கிடக்கும். அதைப் பின்னால் சொருகி, வயரை ஓரத் தூணின் உறைக்குள் விட்டு, தலைக்கு மேலே சன் வைசர் பக்கம் ஒட்டுங்கள். அந்தத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதற்குள் விடாமல் ஸ்டீயரிங் தண்டின் உறைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். சில செட்களில் உள் மைக், வெளி மைக் என்று மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.