குவேக்கர்கள் ஆயரை மறுத்தது ஆணவமா?

கேள்வி: அச்சிட்ட ஆராதனை முறைமையை வரி பிசகாமல் சொல்லும் சபையில் வளர்ந்தவன் நான். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் ஜெபப் புத்தகத்தையும் ஆயர்களையும், அதாவது சபையை நடத்தும் குருமாரையும், தள்ளிவிட்டார்கள் என்று அறிந்தேன். முன்னோர் வகுத்ததை மதிக்காத இச்செயல் ஆணவம் அல்லவா?

பதில்: அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பயின்றுவிடுவதால் மட்டும் ஒருவர் கிறிஸ்துவின் ஊழியராகிவிட முடியாது என்ற தெளிவு, அவர்களின் முன்னோடியான ஜார்ஜ் ஃபாக்ஸுக்கு இளவயதிலேயே ஏற்பட்டது. கிறிஸ்துவின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருக்கும்போது, என்றோ எழுதப்பட்ட சொற்களை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பின்தொடர்வது, தேவன் இப்போது பேசுவதைக் கேட்கவிடாமல் தடுக்கும் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆகவே மௌனமாகக் கூடி அமர்ந்தார்கள். ஆவியின் ஏவுதலை உணர்ந்தவர், ஆணானாலும் பெண்ணானாலும், எழுந்து பேசினார். பெண்களுக்குள்ள இந்த உரிமையை வேதவசனங்களைக் கொண்டே நிறுவி, தொடக்ககாலக் குவேக்கர் தலைவர்களில் ஒருவரான மார்கரெட் ஃபெல் எழுதிய சிறுநூல், அவர் சிறையில் இருந்த காலத்தில் 1666இல் வெளிவந்தது. தண்ணீரால் தரும் ஞானஸ்நானத்தையும் அப்பமும் ரசமும் கொண்ட திருவிருந்தையும்கூட, அவை உள்ளத்தில் நிகழவேண்டியவை என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

ஆயர்மீது இருந்த மறுப்பில் தசமபாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, ஆயர்களின் பராமரிப்புக்காக, அரசுத் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபைக்குக் கொடுக்கும்படி சட்டமே கட்டாயப்படுத்தியது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற ஆண்டவரின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்ட குவேக்கர்கள், சுவிசேஷத்துக்குக் கூலி கொடுக்கமாட்டோம் என்றார்கள். அதற்காக அவர்களுடைய மாடுகளும் தானியமும் பாத்திரங்களும் பறிமுதல் செய்யப்பட்டன; பலர் சிறை சென்றார்கள். 1664ஆம் ஆண்டுச் சட்டம், அரசுத் திருச்சபையின் முறைமைக்குப் புறம்பாக, வீட்டார் நீங்கலாக ஐந்து பேர் வழிபாட்டுக்குக் கூடுவதையே குற்றமாக்கியது. கூடுவதற்கான சுதந்திரம் 1689இல் சட்டப்படி கிடைத்தபின்னும் தசமபாகக் கட்டாயம் நீங்கவில்லை. இத்தனையையும் தாங்கியவர்களை ஆணவக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அவர்களோடு நான் முழுவதும் ஒத்துப்போகவில்லை. ஆலயங்களுக்குள் புகுந்து பிரசங்கத்தை இடைமறித்தவர்களின் கடுமை, கேட்க வந்த எளியவர்களையும் புண்படுத்தியிருக்கும். துக்கத்தில் வாயடைத்துப் போனவருக்கு எழுதிவைத்த ஜெபமே துணை நிற்கிறது என்பதும் உண்மை. உங்கள் முறைமையை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. ஆராதனை தொடங்குமுன் சிறிது நேரம் மௌனமாக அமர்ந்து, சொல்லப்போகும் வரிகளில் எதை மனதாரச் சொல்ல முடியும் என்று பாருங்கள். குவேக்கர்கள் மிக அதிகமாக வாழும் கென்யாவில், இன்று அவர்கள் சபைகளிலேயே போதகரும் பாடலும் ஒழுங்குபடுத்திய ஆராதனையும் உண்டு.