"பிரஷர் நார்மல்தானே, மாத்திரை எதற்கு?" என்கிறார் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, எட்டு மாதங்களுக்கு முன் இடது கை, கால் செயலிழந்தன. இப்போது தானே நடக்கிறார். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, இரண்டு பிரஷர் மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளாகப் பாதியைத்தான் சாப்பிடுகிறார். கேட்டால், "பிரஷர் நார்மல்தானே, உடம்பும் தேறிவிட்டது" என்று எரிந்துவிழுகிறார். தினமும் சண்டை. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் சண்டையை விடுங்கள். அதட்டிக் கேட்டால் "போட்டுட்டேன்" என்ற பொய்தான் கிடைக்கும். பாதியைச் சாப்பிடுவதில்லை என்கிறீர்களே, அது எந்தப் பாதி? அவர் நிதானமாக இருக்கும்போது அட்டைகளை எடுத்து வைத்து, "இதைப் போட்டால் உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். மாத்திரைக்கு மாத்திரை அது வேறாகவும் இருக்கும்.

பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். ராமிப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும். டெல்மிசார்டான் போன்றவற்றுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரையை வெளியே போகும் நாட்களில் தவிர்ப்பவர்கள் நிறைய. அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையில் தசைவலி வந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். ஆஸ்பிரினால் வயிறு எரிந்தால் வயிற்றைக் காக்கும் மாத்திரை சேர்க்கலாம். (ஆஸ்பிரினுக்குப் பதில் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் என்ற வயிற்று மாத்திரைகள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது, குளோபிடோக்ரெலின் வேலையை அவை குறைக்கும்.) தொந்தரவு என்னவென்று தெரிந்தால் மருத்துவர் மாற்றித் தருவார். தெரியாவிட்டால் அப்பா தானாக நிறுத்துவதுதான் நடக்கும்.

"பிரஷர் நார்மல்" என்பதற்கு அவரிடம் நேராகவே பதில் சொல்லுங்கள்: அது மாத்திரையால் வந்த நார்மல். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிரஷர் பொதுவாக 130/80-க்குக் கீழும், இவரைப் போல ரத்தக்குழாய் அடைப்பால் வந்திருந்தால் கெட்ட கொழுப்பு பெரும்பாலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். ஆஸ்பிரின் சங்கதி வேறு. ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 7 முதல் 10 நாட்கள்தான் வாழும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை ஒட்டாது. ஆனால் புதியவை தினமும் பிறக்கின்றன. சில நாட்கள் விட்டாலே உறையும் தன்மை திரும்பத் தொடங்கிவிடும், உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாமல். அதனால்தான் "நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பதை நம்ப முடியாது.

இடது பக்கம் பாதிக்கப்பட்டது என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். உடம்பின் இடப்பக்கத்தை இயக்குவது மூளையின் வலப்பகுதி. அது பாதிக்கப்பட்ட சிலருக்கு, கண் நன்றாக இருந்தும் இடப்பக்கத்தில் உள்ளது கவனத்துக்கே வராது. தட்டின் இடப்பக்கச் சாப்பாட்டை மீதம் வைக்கிறாரா? அப்படியானால் மாத்திரை டப்பாவின் இடப்பக்க அறைகளும் அப்படியே கிடக்கும். டப்பாவை அவருக்கு வலப்பக்கமாக வையுங்கள், அல்லது அன்றன்றைய மாத்திரையை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். ஒரு கையால் அட்டையைப் பிதுக்க முடியாமல் விட்டவர்களும் உண்டு. அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்; நீங்களே பிரித்து வைத்துவிடுங்கள். ஆனால் சீரற்ற இதயத்துடிப்புக்காக டாபிகாட்ரான் கேப்சூல் எடுப்பவர்கள் அதை டப்பாவுக்கு மாற்றக் கூடாது. ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

எரிச்சலையும் அலட்சியமாக விட வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம், பசி, பேச்சு குறைந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். எதை, எத்தனை நாளாக நிறுத்தினார் என்பதை மறைக்காமல் சொல்வது மிக முக்கியம். மறைத்தால், ஏறியிருக்கும் பிரஷரைப் பார்த்து அவர் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். பிறகு அப்பா எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும் நாளில் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி, மயங்கி விழலாம். விட்டுப்போன பிரஷர் மாத்திரைகளை நீங்களாகவே ஒரே நாளில் மறுபடி தொடங்க வேண்டாம் என்பதும் இதனால்தான். இரண்டு பிரஷர் மருந்துகளையும் ஒரே மாத்திரையாகத் தர முடியுமா, எல்லாவற்றையும் ஒரே வேளையில் போடலாமா என்று கேளுங்கள். பல சமயம் முடியும். எண்ணிக்கை குறைந்தாலே பாதிப் பிடிவாதம் தளரும்.

ஒரு வேளை மறந்தால், அன்றைக்குள் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் அன்றைய அளவு மட்டும், இரட்டிப்பாக வேண்டாம். ஏழு நாளுக்கு மாத்திரை மீதம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தக்கசிவு அபாயமும் பிரஷரும் கூடும். பல் பிடுங்கப் போனாலும், எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம். வீட்டில் பிரஷரைப் பாதிக்கப்படாத வலக் கையில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் திடீரென்று வந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.