ஆர்பிஜி நிரலின் அணியில் (அரே) கீ கொண்டு தேடுவது ஏன் மெதுவாகிறது?

கேள்வி: ஐபிஎம் நிறுவனத்தின் வணிகக் கணினி அமைப்பான ஐபிஎம் ஐயில், ஆர்பிஜி மொழியில் எழுதிய எங்கள் நிரல், 40,000 விலைப் பதிவுகளை டேட்டா ஸ்ட்ரக்சர் (பல புலங்கள் சேர்ந்த பதிவு) அணியொன்றில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு விற்பனைக்கும் கிடங்குக் குறியீட்டையும் பொருள் எண்ணையும் கீயாக வைத்து, அணியில் தேடித் தரும் %லுக்கப் செயல்பாட்டின் மூலம் தேடுகிறது. கீயைக் கொடுத்துக் கோப்பிலிருந்தே பதிவைப் படிக்கும் செயின் கட்டளையைப் பயன்படுத்தியதைவிட இது மெதுவாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வரிசை அறிவிக்கப்படாத அணியில் %லுக்கப் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாகவே பார்த்துச் செல்லும் என்பதால், உங்கள் அளவில் ஒரு தேடலுக்குச் சராசரியாக 20,000 ஒப்பீடுகள் ஆகின்றன. செயினோ கோப்பின் இண்டெக்ஸ் வழியே சில படிகளில் பதிவை எட்டிவிடுகிறது. அணியை அசெண்ட் (ஏறுவரிசை) என்று அறிவித்தால் %லுக்கப், ஒவ்வொரு படியிலும் பாதியை ஒதுக்கும் இருமத் தேடலுக்கு மாறும்; அப்போது 16 ஒப்பீடுகளே போதும்.

கிடங்குக் குறியீட்டையும் பொருள் எண்ணையும் நிலையான நீளத்தில் ஒட்டி, எழுத்து வகையிலான தனி கீ அணியொன்றை அசெண்ட் அறிவிப்புடன் அமைத்து, விலை விவரங்களை அதே சுட்டெண் கொண்ட இன்னோர் அணியில் வையுங்கள். பதிவுகளை ஏற்றும்போதே கீ வரிசையில் படித்துவிட்டால், அணியை வரிசைப்படுத்தும் சார்ட்ஏ கட்டளை தேவைப்படாது; கீ அணியை மட்டும் பிறகு சார்ட்ஏ செய்தால் இரண்டு அணிகளுக்கும் இடையிலான பொருத்தம் குலைந்துவிடும்.

கவனம் வேண்டிய இடம் அந்த வரிசைதான். அசெண்ட் என்பது நீங்கள் தரும் வாக்குறுதி மட்டுமே. இயக்க நேரத்தில் ஏற்றப்படும் அணியின் வரிசையை நிரல் சரிபார்ப்பதில்லை. வரிசை பிசகியிருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராமல், இருக்கும் கீக்கே ‘கிடைக்கவில்லை’ என்று பொருள்படும் பூஜ்யம் திரும்பும். இந்தக் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஈபிசிடிக் குறியீட்டில் எழுத்துகள் இலக்கங்களுக்கு முன்னும், இடைவெளி இரண்டுக்கும் முன்னும் நிற்பதால், மொழி சார்ந்த வரிசையில் ஆர்டர் பை கொண்டு அடுக்கிய எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல்) முடிவை அப்படியே ஏற்றுவது ஆபத்து. ஹெக்ஸ் வரிசையே, அதாவது அந்தக் குறியீட்டு மதிப்புகளின் வரிசையே, வேண்டும். அணியின் இறுதியில் நிரப்பப்படாமல் கிடக்கும் வெற்று உறுப்புகளும் இதே கோளாற்றை உண்டாக்கும் என்பதால், %லுக்கப்பின் மூன்றாம், நான்காம் அளவுருக்களாக 1-ஐயும் ஏற்றிய எண்ணிக்கையையும் கொடுங்கள். 2019-இல் வந்த ஐபிஎம் ஐ 7.4 பதிப்போ அதற்குப் பிந்தையதோ உங்களிடம் இருந்தால், தேவைக்கேற்ப வளரும் அணியைப் பயன்படுத்தி இந்தத் தொல்லையையே தவிர்க்கலாம்.

ஒரே கீ பலமுறை வந்தால் இருமத் தேடல் அவற்றில் முதலாவதையே தரும் என்று எதிர்பார்க்க முடியாது. கிடைத்த சுட்டெண்ணிலிருந்து பின்னோக்கி நகர்ந்து முதலாவதைக் கண்டறியுங்கள்.

நிரல் ஓடும்போதே புதிய பதிவுகள் சேர்ந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு முறையும் அணியை மறுபடி வரிசைப்படுத்துவதைக் காட்டிலும், கீ வரிசையைத் தானே காக்கும் யூசர் இண்டெக்ஸ் ஒன்றை, தற்காலிக நூலகமான க்யூடெம்பில் உருவாக்குவதே என் தேர்வாக இருக்கும்.