கோடை விடுமுறையில் 4, 5-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு என்ன புத்தகங்கள் வாங்கிக் கொடுக்கலாம்?

ஐந்தாம் வகுப்பு முடித்த மகன் விடுமுறையில் விரும்பிப் படிக்கும்படியான தமிழ்ப் புத்தகங்களைக் கேட்டிருக்கிறீர்கள். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பான், ஆனால் பத்துப் பக்கங்களுக்கு மேல் நகர மாட்டான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு ஆண்டுகளாக 4, 5-ஆம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் எனக்கு அந்தப் பத்தாவது பக்கம் மிகவும் பழக்கமான இடம். புதுப் பெயர்களும் புது ஊருமாகக் கதை விரியத் தொடங்கியிருக்கும். கதையில் வருபவர்களில் ஒருவர்கூட இன்னும் அவனுக்கு நெருக்கமாகியிருக்க மாட்டார்கள். வாசிக்கும் உழைப்பும் சேர்ந்துகொள்ள, பிள்ளை அயர்ந்துபோகிறான். ஆகவே எந்தப் புத்தகமானாலும் முதல் இருபது பக்கங்களை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை அவன் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். மீதியை அவனே படிப்பான்.

உரக்கப் படிக்க நேரமே இல்லாத வீடுகளுக்கு நான் சொல்வது சித்திரக்கதைகளைத்தான். காமிக்ஸ் படிப்பது படிப்பாகாது என்று பெற்றோர் பலர் என்னிடம் வருத்தப்படுவதுண்டு. அதை என்னால் ஏற்க முடிவதில்லை. யார் பேசுகிறார்கள், எந்தக் கட்டத்துக்கு அடுத்தது எது, முகத்தில் தெரிவது கோபமா பயமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தை யோசித்துக்கொண்டேதான் நகர்கிறது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி இன்றைய பிள்ளைகளையும் கட்டிப்போடுகிறான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் என்பதால், வீட்டு ஸ்விட்ச் பக்கம் போகக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சிரிப்புதான் வேண்டும் என்றால், தன் நிழலைவிட வேகமாகத் துப்பாக்கி எடுக்கும் லக்கி லூக் இருக்கிறார். அவர் கதைகளும் தமிழில் கிடைக்கின்றன.

நம் மண்ணிலேயே நடக்கும் கதை வேண்டுமானால் உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' நல்ல தேர்வு. கீழடியை மையமாகக் கொண்ட இந்த நாவல் 2023-ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் விருதைப் பெற்றது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது; 2023 முதல் அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. மதுரைப் பக்கம் போகும் திட்டம் இருந்தால் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகச் செய்யுங்கள். பெயரைத் தேடிக்கொண்டு போகும் பிள்ளைக்கு அந்த ஓடு வெறும் ஓடாகத் தெரியாது.

பெரியவர்கள் ஆசையோடு வாங்கித் தரும் 'குட்டி இளவரசன்' இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அழகான நூல்தான், ஆனால் என் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகள் பலர் அதைப் பாதியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் போகட்டும். செலவில்லாமல் தொடங்க விரும்பினால், ஸ்டோரிவீவர் தளத்தில் மூன்றாம், நான்காம் நிலைக் கதைகள் தமிழில் இலவசமாக இருக்கின்றன.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'யை வாங்குங்கள். தெத்சுகோ குரோயானகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-இல் ஜப்பானில் வெளிவந்த நூல் இது. ஓடாத ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஒரு டோக்கியோ பள்ளியின் கதை. அத்தியாயங்கள் இரண்டு, மூன்று, நான்கு பக்கங்களில் முடிந்துவிடுவதால், பத்தாவது பக்கத்தில் அயர்ந்துபோகும் உங்கள் மகனுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

சென்ற மே மாதம் என் அக்கா மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கழிப்பறைக் குழிக்குள் விழுந்த தன் பர்ஸைத் தேடி, டோட்டோ-சான் நீளமான அகப்பையால் உள்ளே இருப்பதை எல்லாம் அள்ளி வெளியே குவிக்கிறாள். அந்த வழியாக வரும் தலைமையாசிரியர் திட்டவில்லை, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்கிறார். அங்கே நிறுத்தினேன். மின்விசிறிக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தவள் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் தட்டில் நெத்திலிக் கருவாடும் சேப்பங்கிழங்கு வறுவலும் விழுந்தபோது, "நெத்திலி கடல் சரி சித்தி, சேப்பங்கிழங்கு மலையில சேருமா?" என்று கேட்டாள். சேரும் என்றேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட யாசுவாகி என்ற சிறுவனை டோட்டோ-சான் படாத பாடு பட்டு மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயம் ஒன்று வரும், பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். அந்தச் சிறுவன் பின்னால் இறந்துபோகிறான். அந்தப் பக்கங்களை உங்கள் மகன் படிக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். என் அக்கா மகள் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடிவிட்டு என் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். சாயங்காலம் தானாகவே எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.