கால்சியம் மாத்திரை கிழிந்த தசையை வளர்க்குமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. காணும் பொங்கலன்று கபடி ஆடும்போது பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது. ஸ்கேனில் 'கிரேடு 2' என்றார்கள். பத்து நாளாகிறது. தசையில் இருக்கும் ஸ்டெம் செல்லை எழுப்புவதே கால்சியம்தான் என்று எங்கோ படித்துவிட்டு, 500 மி.கி. மாத்திரை தினம் மூன்று போடுகிறான். கூடவே வலி மாத்திரையும் போடுகிறான். ரத்தத்தில் கால்சியம் 9.4 இருக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சீக்கிரம் ஆடலாம் என்று ஓரிடத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?
— ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: தம்பி படித்ததில் உண்மை இருக்கிறது அம்மா. அதிலிருந்து மாத்திரைக்குத் தாவியதுதான் தவறு.

ஒவ்வொரு தசை நாரின் மேலும், அதன் சவ்வுக்கும் வெளியே போர்த்திய மெல்லிய உறைக்கும் நடுவே, சேட்டிலைட் செல்கள் என்ற தசை ஸ்டெம் செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இவற்றைக் கண்டுபிடித்தார். தசை கிழிந்தால் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது நாராவது இவைதான்.

இவற்றை எழுப்பும் வேலையில் கால்சியம் வருகிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். தசை இழுபடும்போது சவ்விலுள்ள வாசல்கள் சற்று நேரம் திறக்கின்றன. உள்ளே பாய்ந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அதனால் நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாகிறது. அது உறையில் கட்டுண்டு கிடக்கும் ஹெச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை அவிழ்த்துவிடுகிறது. செல்லை எழுப்புவது அந்தக் காரணிதான். பிறகு இளம் செல்கள் முதிர்ந்து இணையும் கட்டத்தில் இன்னொரு வாசல் வேலை செய்கிறது. செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கு காலியானால் ஸ்டிம்-1 என்ற புரதம் உணர்ந்து சொல்லும், ஒராய்-1 என்ற அந்த வாசல் திறக்கும்.

வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். 47.5 அடி நிரம்பி நின்றாலும் மதகு திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். மதகு உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பயிர் அழுகும். தசையிலும் அப்படித்தான். உள்ளே கால்சியம் வடியாமல் நின்றால் கால்பெயின் என்ற நொதி கிளம்பி, தசையின் சொந்தப் புரதத்தையே அரிக்கும். டுச்சென் என்ற பரம்பரைத் தசைநோயில் சவ்வு ஒழுகுவதால் நடக்கும் சேதத்தில் இதற்கும் பங்குண்டு.

உங்கள் மகனின் 9.4 இயல்பான அளவு (8.5 முதல் 10.5 வரை). அதாவது ஏரி நிரம்பித்தான் இருக்கிறது. பாராதைராய்டு சுரப்பி அந்த அளவை விடாமல் காக்கும். கூடுதலாகப் போடும் மாத்திரையில் பெரும்பகுதி மலத்தில் போகும், உடலில் சேர்ந்த மிச்சம் சிறுநீரில் போகும். வியர்த்து வழியும் நம் கடலோர வெயிலில், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பையனுக்கு அது சிறுநீரகக் கல்லுக்கு வழி. ஒரு நாளைக்கு 1000 மி.கி. போதும். 400 மி.லி. பாலும் தயிரும் சுமார் 480, 100 கிராம் கேழ்வரகு சுமார் 350. மீதியைக் கீரையும் நெத்திலிக் கருவாடும் பார்த்துக்கொள்ளும். வேறு காரணத்துக்காக மருத்துவர் எழுதித் தரவில்லை என்றால் மாத்திரையை நிறுத்துங்கள். அந்தக் காசில் வைட்டமின் டி பரிசோதனை செய்யலாம். 20-க்குக் (ng/mL) கீழே இருந்தால் தசை பலம் குறையும், அதற்கு மருந்து தேவை.

டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது தடுக்கும் புரோஸ்டாகிளாண்டினும் இந்த ஸ்டெம் செல்களை எழுப்பும் பொருள்தான். வலி இருந்தால் பாராசிட்டமால் 650 மி.கி. போடலாம், நாளைக்கு நான்கைத் தாண்டக் கூடாது. வலியை மழுங்கடித்துக்கொண்டு ஓடிப் பார்ப்பதுதான் எனக்கு இதைவிடப் பயம். பாதி ஆறிய நார் மறுபடி கிழிவது அப்போதுதான்.

மதகைத் திறக்கும் சாவி அளவான இழுவிசை. முதல் மூன்று முதல் ஐந்து நாள் ஓய்வு சரி. அதற்கு மேல் கட்டிப்போட்டால் தழும்புதான் தடிக்கும். இந்தப் பத்தாம் நாளில் இப்படித் தொடங்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலைத் தரையில் அழுத்தி 5 முதல் 10 விநாடி பிடிக்க வேண்டும். கால் நகரக் கூடாது. பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறையுங்கள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். வலியில்லாமல் செய்ய முடிந்த பிறகு இரண்டு காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது, அப்புறம் ஒற்றைக் காலில், பிறகு மெல்ல ஓட்டம். நீளும் நிலையில் சுமை தாங்கும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் முன்னால் மட்டும் செய்யட்டும். அடிபட்ட கால் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்டி, முழுவேக ஓட்டத்திலும் வலி இல்லாதபோதுதான் களம். இதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரம் ஆகும்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது இப்போது வேண்டவே வேண்டாம். உள்ளே தேங்கிய ரத்தத்தைக் கசக்கினால், சில சமயம் தசைக்குள்ளேயே எலும்பு படியும். இரண்டு மூன்று வாரத்தில் கல் போன்ற கட்டி தட்டுப்பட்டு, முழங்காலை மடக்கவும் நீட்டவும் வராமல் போனால் எக்ஸ்ரே எடுங்கள்.

அந்த ஊசிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு வெளியே ஸ்டெம் செல் ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். காசு வாங்கிச் சிகிச்சையாக விற்கக் கூடாது.

பிட்டத்துக்குக் கீழே விரல் பதியும் பள்ளம் தெரிந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காலைப் பின்னுக்கு மடக்கவே முடியாமல் போனால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ எலும்பியல் பிரிவில் ஸ்கேனோடு காட்டுங்கள். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.