வாசகர் கேள்வி பதில்: டெம்போ எந்த ஊர் வார்த்தை?

கேள்வி: எங்கள் பக்கம் மீன் ஏற்றுகிற சின்ன வண்டி எதுவானாலும் அதற்கு டெம்போ என்றுதான் பேர். இது எந்த ஊர் வார்த்தை சார்?
- வாசகர், மண்டபம்

பதில்: ஜெர்மனியில் ஹாம்பர்க். அங்கே விடால் உண்ட் சோன் என்ற கம்பெனி தன் வண்டிகளுக்கு வைத்த பேர் அது. மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் அவர்கள் கெட்டிக்காரர்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம், எஞ்சினும் அங்கேயே, அந்தச் சக்கரத்தைத்தான் அது சுற்றும், பின்பக்கம் எஞ்சின் சாமான் எதுவும் இல்லாததால் தளம் தாழ்வாக இருக்கும், பெட்டி ஏற்றி இறக்க லேசு. ஹான்சியாட் என்ற அந்த வண்டியை இந்தியாவில் பஜாஜ் டெம்போ தயாரித்தது, அப்போது ஒட்டிக்கொண்ட பேர் இன்னும் போகவில்லை. அப்புறம் 1980களில் அதே பஜாஜ் டெம்போ, ஓஎம் 616 என்ற 2.4 லிட்டர் டீசல் எஞ்சினை டைம்லர் பென்ஸிடம் உரிமம் வாங்கிச் செய்தது. பென்ஸ் 240டி காரில் ஓடியது அதுதான். ஏர்வாடி தர்காவுக்கு அந்த எஞ்சின் வைத்த பழைய டிராக்ஸ் வண்டியில் நெருக்கியடித்துப் போயிருக்கிறீர்களா? அந்தக் கடகடச் சத்தம் பென்ஸ் வம்சத்துச் சத்தம்.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு ரேடியேட்டரே கிடையாதாமே, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?
- வாசகி, சாயல்குடி

பதில்: தாங்கும், ஆனால் கவனம் வேண்டும். ரேடியேட்டர் வைக்காததற்குக் காரணம் வெயில் இல்லை, குளிர். 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே இதை வடிவமைத்தபோது, வாங்கப்போகிற சாதாரணக் குடும்பத்துக்குக் கார் ஷெட் எல்லாம் இருக்காது, ராத்திரி முழுக்கத் தெருவில்தான் நிற்கும், எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் பனியில் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும் என்பதால் காற்றே போதும் என்று முடிவானது. பனிக்குப் பயந்து எடுத்த அந்த முடிவு, தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய நம் ஜில்லாவுக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டர் அடைத்துப்போன வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பீட்டிலில் நாலு சிலிண்டரும் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகப் படுத்திருக்கும். மேலே ஒரு ஃபேன் காற்றை அவற்றின் மீது தள்ளும். மீதிச் சூட்டை எஞ்சின் ஆயில் சுமக்கிறது, அதுவும் மொத்தமே இரண்டரை லிட்டர்தான், அதனால் இதில் ஆயில் பார்ப்பதில் சோம்பல் கூடவே கூடாது. ஆயில் கூலர் ஃபேன் காற்று வரும் வழியிலேயே நின்றதால் அதற்குப் பின்னால் இருந்த மூன்றாம் சிலிண்டர் மட்டும் கூடுதலாகச் சூடாகி வால்வு போகும், 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்து இதைச் சரிசெய்தார்கள். இன்னொன்று, ஃபேன் இருப்பது டைனமோவின் தண்டிலேயே. பெல்ட் ஒன்று அறுந்தால் இரண்டும் நிற்கும். சிவப்பு விளக்கு எரிந்தால், சார்ஜ்தானே ஏறவில்லை, உச்சிப்புளி வரை ஓட்டிவிடலாம் என்று போனால் எஞ்சின் போச்சு. அங்கேயே நிறுத்துங்கள்.

கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சக்கூட மோட்டார் கிடையாது, 1960களில் வந்த பீட்டில்களில் ஸ்டெப்னி டயரின் காற்றுதான் அந்த வேலையைச் செய்தது. 2003 ஜூலையில் மெக்ஸிகோவின் புவெப்லாவில் கடைசி பீட்டில் வெளிவந்தபோது மொத்தம் 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

கேள்வி: உப்புக்காற்றில் துருப்பிடிக்காத ஜெர்மன் கார் உண்டா?
- வாசகர், கீழக்கரை

பதில்: பாதி உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ட்ராபன்ட். இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் பஞ்சு நாரில் பிசின் சேர்த்துச் சூட்டில் அழுத்தி கதவும் பானெட்டும் செய்தார்கள். ட்யூரோபிளாஸ்ட் என்று பேர், பழைய வீட்டுக் கறுப்பு ஸ்விட்ச் இருக்கிறதே, அந்த பேக்லைட்டுக்குச் சொந்தம். துரு கிட்ட வராது. ஆனால் உள்ளே எலும்புக்கூடு இரும்புதான். மேலே பளபளவென்று இருக்கும்போதே அடியில் அரித்துக்கொண்டிருக்கும், அதனால் பழைய ட்ராபன்ட் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்க்கிறதில்லை, கீழே படுத்துத்தான் பார்க்கிறார்கள்.